கிடங்குக்குப் போன பாடம்

"கதவு திறக்கல, அக்கா," என்றான் பென்ச்சோ.

"கார்டை வச்சுப் பார்த்தியா?"

"வச்சேன், தேய்ச்சேன், கொஞ்சினேன். சிவப்பு விளக்குதான் எரியுது. இனிமே நீங்க வந்து மிரட்டினாத்தான் உண்டு."

இஸ்க்ரா ஸ்டாமென்கோவா திரும்பவில்லை. கணினித் திரைக்கு முன்னால் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். வாயில் ஒரு சூரியகாந்தி விதை. அவள் யோசிக்கிறாள் என்பதற்கு அதுதான் அடையாளம். விதை கடிபடும் சத்தம் கேட்டால் எதையோ கண்டுபிடித்துவிட்டாள் என்று அர்த்தம்.

பென்ச்சோ கதவை இன்னொரு தரம் தோளால் முட்டினான். இரும்புக் கதவு. தோள்தான் வலித்தது.

ருஸே நகரின் ஆற்றங்கரைப் பல்கலைக்கழகத்தில், கணினி மையத்துக்குக் கீழே இருக்கும் நிலவறை அது. மேலே ஜூலை வெயிலில் தார் இளகிக்கொண்டிருந்தது. டான்யூப் ஆற்றில் குளிக்கப் பாதி ஊர் போயிருக்கும். இங்கே, வரிசையாக நின்ற சர்வர் பெட்டிகள் சூடாகக் கூடாது என்று, குளிர்காற்று விடாமல் ஊதிக்கொண்டிருந்தது. அரைக்கைச் சட்டையில் வந்த பென்ச்சோவுக்கு முழங்கைவரை மயிர் சிலிர்த்து நின்றது. ஜன்னல் கிடையாது. கைபேசிகளும் கிடையாது. உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று வாசலிலேயே வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார்கள்.

"பயமா இருக்கா?" என்றாள் இஸ்க்ரா.

"எனக்கா? நான் லிஃப்டுல மாட்டினப்போகூட ஜாலியாத்தான் இருந்தேன். கூட மாட்டினவங்கதான் என் அலறல் தாங்காம அழுதாங்க."

அவன் சிரிப்பதற்காகச் சொன்னாலும் அது நடந்ததுதான். மூடிய இடம் என்றால் அவனுக்கு நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். அப்போதெல்லாம் வாய் தானாக ஓட ஆரம்பிக்கும்.

கதவுக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம் வந்தது.

"மேடம், நான்தான், ஸ்த்ராஹில்." கணினி மையத்தின் தலைவன். அரை மணிக்கு முன்னால் இருவரையும் இங்கே அழைத்து வந்து, கையில் ஆளுக்கொரு காபியைக் கொடுத்து, உட்கார வைத்துவிட்டுப் போனவன். "கார்டு ரீடர் பழுதாயிடுச்சு மேடம். ஆளுக்குச் சொல்லியிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள வந்துடுவான். கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"நாலு மணிக்கு விசாரணைக் குழு கூடுது தம்பி," என்றாள் இஸ்க்ரா. "பழைய பாடங்களைக் கிடங்குக்கு அனுப்பற வேலையையாவது நிறுத்தி வை."

"அது தானா ஓடுது மேடம். என் கையில இல்ல. மன்னிச்சுக்குங்க."

காலடிகள் படியேறிப் போயின.

"நல்ல பையன்," என்றான் பென்ச்சோ. "காபிகூட அவன் காசுலதான் வாங்கினான்."

"நீ என்ன கேட்ட?"

"நானா? சர்க்கரை கேட்டேன்."

"காதால என்ன கேட்டன்னு கேக்கறேன். இப்போ, கதவுக்கு அந்தப் பக்கம்."

"அவன் குரல். காலடி. வேற ஒண்ணும் கேக்கலயே."

இஸ்க்ரா திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் விதை கடிபட்டது. பென்ச்சோவுக்கு அது கேட்டது. என்ன என்று புரியவில்லை.

துப்பறியும் வேலை செய்யும் இஸ்க்ராவையும் அவளுக்குக் கூடமாட உதவும் பென்ச்சோவையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தவள் விலியானா. நீரியல் துறை விரிவுரையாளர், நாற்பதைத் தொடும் வயது, பேசும்போது கைக்குட்டையைக் கயிறு மாதிரி முறுக்குகிறவள். இணையப் பாடத்தளத்தில் அவள் 2019ஆம் வருடம் ஆற்று நீரியல் என்று ஒரு பாடம் நடத்தினாள். முழுக்க அவளே எழுதியது. இந்த வசந்தத்தில் திடீரென்று அதே பாடம், வரிக்கு வரி, துறைத் தலைவர் பேராசிரியர் ஹரலாம்பி தோனெவின் பெயரில் முளைத்தது. அதன் தேதி 2016. மூன்று வருடம் முந்தையது. யார் யாரைப் பார்த்து எழுதியிருப்பார்கள்? பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். இன்று நான்கு மணிக்குக் குழு கூடி விலியானாவின் பதவியைப் பறித்துவிடும்.

பல்கலைக்கழகம் பழைய பாடங்களையெல்லாம் தளத்திலிருந்து எடுத்துக் கிடங்கில் போடத் தொடங்கியதும் இன்றைக்குத்தான். கிடங்குக்குப் போனால் பாட உரையும் மாணவர் மதிப்பெண்ணும் மட்டும் மிஞ்சும். அசைன்மென்ட், கால அட்டவணை, அறிவிப்பு எல்லாம் அழிந்துபோகும். இரண்டு பாடங்களையும் முழுதாகப் பார்க்க இதுவே கடைசி நாள். அதுவும் இந்த நிலவறைக் கணினியிலிருந்து மட்டும்தான் முடியும்.

பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டரின் அனுமதிக் கடிதத்தைக் காட்டியதும் ஸ்த்ராஹில் மறுபேச்சுப் பேசவில்லை. "என் மனைவி தெமெனுகாவும் அதே துறைதான் மேடம். விலியானாவை நினைச்சு நேத்து சாப்பிடக்கூட இல்ல," என்று வருத்தப்பட்டுக்கொண்டேதான் படியிறங்கினான்.

திரையின் ஓரத்தில் பாடங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக மங்கி மறைந்துகொண்டிருந்தன. வேளாண்மை போய்விட்டது. இயற்பியல் போய்க்கொண்டிருந்தது. பட்டியலில் நீரியல் கடைசிப் பக்கத்தில் இருந்ததால் இன்னும் உயிரோடு இருந்தது.

"அந்தக் கிழவர்தான் பூட்டியிருப்பார்," என்றான் பென்ச்சோ. மூலையில் கிடந்த துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டான். முதலாண்டு மாணவர்களை வரவேற்கும் பேனர் அது. அவன் முதுகில் 'அறிவின் இல்லத்துக்கு நல்வரவு' என்று எழுதியிருந்தது. "தோனெவுக்குத்தான் நாம இதைப் பார்க்கக் கூடாது."

"தோனெவுக்கு ஈமெயில் வந்தா அச்சடிச்சுத்தான் படிப்பாராம். விலியானா சொன்னா. அந்த மனுஷன் தளத்துல பாடம் ஏத்தினார்னு நீ நம்பறியா?"

"உதவியாளர் ஏத்தியிருப்பான். எனக்கும் உதவியாளன் ஒருத்தன் இருந்தா நானும் உள்ள வராம வெளியவே நின்னிருப்பேன்."

"வாயை மூடிட்டு இங்க வா. ரெண்டு பாடத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கேன். என்ன தெரியுது?"

பென்ச்சோ பேனரை இழுத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தான். "ரெண்டும் ஒண்ணு. எனக்கு ரெண்டுமே புரியல."

"உரையை விடு. வாரா வாரம் என்ன நடந்திருக்குன்னு பாரு. விலியானாவோட பாடத்துல ஏப்ரல் கடைசியில ஒரு வாரம் காலி. வகுப்பு இல்ல, அசைன்மென்ட் இல்ல."

"அது ஈஸ்டர் லீவு. அந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் கடைசி ஞாயிறு."

"சரி. தோனெவ் பாடத்துலயும் ஒரு வாரம் காலி. ஏப்ரல் நடுவுல. அந்த வாரத்துல என்ன விசேஷம்?"

பென்ச்சோ யோசித்தான். குளிரில் பல் தந்தியடித்தது. "2016 ஏப்ரல் நடுவுல எந்த விசேஷமும் கிடையாது. எனக்கு நல்லாத் தெரியும். அந்த வருஷம் நம்ம ஆர்த்தடாக்ஸ் சபைக்கு ஈஸ்டர் மே ஒண்ணாம் தேதி. நோன்புக் காலத்துல கல்யாணம் கூடாதுன்னு மாமியார் என்னை ஈஸ்டர் முடியறவரைக்கும் காக்க வச்சாங்க. நாள் எண்ணிக்கிட்டே இருந்தேன். அப்பவே ஓடியிருக்கலாம்னு பின்னாடிதான் தோணுச்சு."

"அப்போ புனித வெள்ளி என்னைக்கு?"

"ஏப்ரல் 29."

இஸ்க்ரா விரலைத் திரையில் வைத்தாள். தோனெவின் பாடத்தில் ஏப்ரல் 29ஆம் தேதிக்கு நேராக, 'மூன்றாம் அசைன்மென்ட், நேரில் ஒப்படைக்க வேண்டும், தாமதம் ஏற்கப்படாது' என்று இருந்தது.

பென்ச்சோ திரைக்கு இன்னும் கிட்டக் குனிந்தான். "புனித வெள்ளிக்கா? அன்னைக்கு வாட்ச்மேன்கூட வரமாட்டானே. யாருகிட்ட ஒப்படைக்கிறது, கேட்டுக் கதவுகிட்டயா?"

"ஒரு பாடத்தை நகல் எடுத்து, தொடக்கத் தேதியை மட்டும் பழைய வருஷத்துக்குத் தள்ளினேன்னு வை. இந்தத் தளம் மத்த எல்லாத் தேதியையும் அதே தூரத்துக்குத் தானா தள்ளிடும். கிழமைகூட மாறாது, அவ்வளவு அழகாத் தள்ளும். ஆனா அதுக்குத் தேதி தெரியுமே தவிர ஈஸ்டர் தெரியாது. விலியானா லீவு விட்ட வாரம் லீவே இல்லாத வாரத்துல போய் விழுந்திருக்கு. அவ சாதாரண வெள்ளிக்கிழமையில வச்ச அசைன்மென்ட் புனித வெள்ளியில போய் விழுந்திருக்கு." விதை கடிபட்டது. "2016ல இந்தப் பாடம் நடக்கவே இல்ல, பென்ச்சோ. யாரோ 2019 பாடத்தை எடுத்துப் பழசாக்கியிருக்காங்க."

"அப்போ ஜெயிச்சுட்டோம்."

"யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

இரும்புக் கதவு அப்படியே இருந்தது. திரையில் வரலாறு போய், வேதியியல் மங்க ஆரம்பித்திருந்தது. நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தவன் இப்போது நன்றாகச் சம்மணம் போட்டுக்கொண்டதைப் பென்ச்சோ உணர்ந்தான். கைபேசி இருந்தால் ஒரு படமாவது எடுத்திருக்கலாம். காகிதம் இருந்தது, பார்த்து எழுதி வைத்தால் அதையும் நாமே கட்டியதாகச் சொல்வார்கள். இன்னும் சற்று நேரத்தில் அந்த ஏப்ரல் 29 இந்த உலகத்திலேயே இருக்காது. மேலே ஒரு பெண் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவனுக்கு மூச்சு குட்டையாகி வந்தது. கதவை ஓங்கி உதைத்தான். ஒரு தரம், இரண்டு தரம். சர்வர்களின் இரைச்சலில் அந்தச் சத்தம் அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"உட்காருடா," என்றாள் இஸ்க்ரா. குரலில் கடுமை இல்லை. "மூச்சை விடு. பையில பனீட்ஸா வச்சிருக்கல்ல, அதை எடு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உள்ள வந்ததுலேருந்து வெண்ணெய் வாசனை. பாதி எனக்கு."

மாவடுக்குகளுக்கு நடுவே சீஸ் வைத்துச் சுட்ட, ஆறிப்போன பனீட்ஸாவைப் பிய்த்துத் தின்றார்கள். சீஸ் குளிரில் மெழுகு மாதிரி ஆகியிருந்தது. கொஞ்சம் மூச்சு வந்தது.

"இந்தக் கணினியில இன்டர்நெட் இல்ல. இந்தத் தளம் மட்டும்தான் இருக்கு," என்றாள் இஸ்க்ரா மென்றுகொண்டே. "தளத்துல விலியானாவோட பாடம் இருக்கு. அவ பாஸ்வேர்ட் என்கிட்ட இருக்கு. பாடத்துல அறிவிப்புப் பலகைன்னு ஒண்ணு இருக்கு. அதுல எதைப் போட்டாலும், பாடத்துல பேர் உள்ள எல்லாருக்கும் ஈமெயில் போகும்."

"யாருக்கு? 2019ல படிச்ச பசங்களுக்கா? அவங்க வியன்னாவுல ஒருத்தன், லண்டன்ல ஒருத்தின்னு போயிருப்பாங்க அக்கா."

"போகட்டும். துறைத் தலைவர்ங்கற முறையில தோனெவ் பேரும் எல்லாப் பாடத்துலயும் இருக்கு."

"நாம மாட்டிக்கிட்டோம், காப்பாத்துங்கன்னு எழுதினா யாரு திறந்து பார்ப்பாங்க? எனக்கு அப்படி ஒரு மெயில் வந்தா நைஜீரிய இளவரசர் இப்போ நிலவறைக்கு வந்துட்டார் போலிருக்குன்னு நினைச்சுத் தூக்கிப் போட்டுடுவேன்."

இஸ்க்ரா தலைப்பைத் தட்டினாள். பென்ச்சோ படித்தான்: 'ஆற்று நீரியல்: உங்கள் மதிப்பெண் திருத்தப்பட்டுள்ளது.'

அவன் முதல்முறையாக உண்மையாகவே சிரித்தான். "அக்கா, நீங்க கெட்டவங்க."

"செத்தவன்கூட எழுந்து வந்து பார்ப்பான். அவங்ககிட்ட அப்புறம் மன்னிப்புக் கேட்டுக்கலாம்." கீழே இரண்டே வரி எழுதினாள்: கணினி மைய நிலவறையில் இருவர் பூட்டப்பட்டிருக்கிறார்கள், வளாகத்தில் யார் இருந்தாலும் உடனே வந்து திறக்கவும். அனுப்பும் பொத்தானில் அம்புக்குறியை வைத்தவள் நிறுத்தினாள். மிகச் சிறிய எழுத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதில் குறியிடாவிட்டால் அரை மணி கழித்துத்தான் மெயில் கிளம்பும். அதற்குள் பாடமே இருக்காது. 'உடனே அனுப்பு' என்ற அந்தக் கட்டத்தைத் தட்டிவிட்டு அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் 'ஆற்று நீரியல், 2016' மங்கியது. அதன் பின்னாலேயே 'ஆற்று நீரியல், 2019'. திரையில் வெள்ளை மட்டும் மிஞ்சியது.

பென்ச்சோ பேனரின் ஒரு முனையை இஸ்க்ராவின் தோளில் போட்டான். குளிர்காற்று ஊதிக்கொண்டேயிருந்தது. மெயில் போனதா என்று தெரியவில்லை. போயிருந்தாலும் வெள்ளிக்கிழமை மதியம் யார் மெயில் பார்க்கிறார்கள்? திங்கட்கிழமை காலை பெருக்க வருகிறவர்கள் கதவைத் திறப்பார்கள், அப்போது நாம் எந்த நிலைமையில் இருப்போம் என்று நினைத்தான். சொல்ல ஒரு கிண்டல்கூட வாயில் வரவில்லை. அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது.

அப்போது பூட்டில் சாவி நுழையும் சத்தம் கேட்டது.

கதவைத் திறந்தவர் பேராசிரியர் தோனெவ். எழுபது வயது, மடிப்புக் கலையாத கோட்டு, ஒரு கையில் காவலாளியின் சாவிக்கொத்து, அக்குளில் பச்சைக் கோப்பு. முகம் தக்காளி மாதிரி சிவந்திருந்தது.

"என் துறையில என்னைக் கேக்காம மதிப்பெண்ணைத் திருத்தினது யாரு?"

"யாரும் திருத்தல, புரொபசர்," என்றாள் இஸ்க்ரா. "உங்களைக் கூப்பிட வேற வழி தெரியல."

அவருக்குப் பின்னால் விலியானா மூச்சிரைக்க இறங்கி வந்தாள். அவளுக்குப் பின்னால் ஸ்த்ராஹில். "சார், நானே திறக்கத்தான் வந்துகிட்டிருந்தேன். ஆளு இப்பத்தான்..."

"சாவியால திறக்கற கதவுக்கு ஆளு எதுக்குத் தம்பி?" என்றாள் இஸ்க்ரா. "ஒரு கதவு திறக்கலன்னா எவனும் முதல்ல கைப்பிடியைத் திருகிப் பார்ப்பான். நீ வந்து பேசினப்போ கைப்பிடி அசையவே இல்ல. திறக்காதுன்னு உனக்கு முன்னாடியே தெரியும்."

ஸ்த்ராஹில் ஒரு படி பின்வாங்கினான்.

இஸ்க்ரா தோனெவின் பக்கம் திரும்பினாள். "2016 புனித வெள்ளிக்கு எங்க இருந்தீங்க, சார்?"

"எங்க இருப்பேன்? துத்ரகான்ல, என் அக்கா வீட்டுல. வருஷா வருஷம் அங்கதான். ஏன்?"

"அன்னைக்கு உங்க மாணவர்கள் எல்லாம் அசைன்மென்டை உங்ககிட்ட நேர்ல கொடுத்திருக்காங்க. உங்க பாடம் அப்படிச் சொல்லுது." காலி வாரத்தையும் தள்ளப்பட்ட தேதிகளையும் சுருக்கமாகச் சொன்னாள். விலியானாவின் கை கைக்குட்டையை முறுக்குவதை நிறுத்தியது.

"இதெல்லாம் இவங்க சொல்றதுதான் சார்," என்றான் ஸ்த்ராஹில். அவன் குரல் திரும்பி வந்துவிட்டது. "ரெண்டு பாடமும் கிடங்குக்குப் போயாச்சு. கிடங்குல தேதியே கிடையாது. யாரும் எதையும் காட்ட முடியாது."

அவன் சொன்னது உண்மை. பென்ச்சோ வெள்ளைத் திரையைப் பார்த்தான். இஸ்க்ராவும் பார்த்தாள். அவள் வாயில் விதை இல்லை.

தோனெவ் மெதுவாகப் பச்சைக் கோப்பை எடுத்துப் பிரித்தார்.

"எனக்குத் திரையில படிக்க வராது," என்றார். "குழுவுக்குக் காட்டறதுக்காக முழுசையும் அச்சடிச்சு வச்சேன். முதல் பக்கத்துலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும்." எச்சில் தொட்டுத் தாள்களைப் புரட்டினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. உதடு அசைய மனதுக்குள் படித்தார். முகத்தின் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "ஏப்ரல் 29," என்றார்.

"நீதானப்பா மார்ச்சுல என் அறைக்கு வந்த," என்று ஸ்த்ராஹிலைப் பார்த்தார். "சார், உங்க பழைய பாடம் கிடைச்சிருக்கு, உங்க உதவியாளர் யாரோ ஏத்தியிருக்காங்க, அதைத்தான் விலியானா எடுத்துகிட்டாங்கன்னு சொன்ன."

ஸ்த்ராஹில் சுவரில் சாய்ந்தான். அந்த இடத்தில் ஓட முடியாது. படிக்கட்டில் விலியானா நின்றிருந்தாள்.

"இலையுதிர் காலத்துல துறையில ஒரு வேலையைக் குறைக்கறாங்க," என்றான் கடைசியில். "விலியானா, இல்லன்னா தெமெனுகா. எங்களுக்கு வீட்டுக் கடன் இருக்கு, சின்னக் குழந்தை இருக்கு. நான் வேற என்ன பண்ண? தெமெனுகாவுக்கு இதுல எதுவும் தெரியாது. அவளை மட்டும் விட்டுடுங்க."

"எங்களை உள்ள வச்சுப் பூட்டினியே, அதுக்கென்ன சொல்ற?" என்றான் பென்ச்சோ.

"குழு முடிஞ்சதும் திறந்திருப்பேன். சத்தியமா."

பென்ச்சோ பேனரை மடித்துக் கீழே வைத்துவிட்டு, அவனைத் தாண்டிப் போய்த் திறந்த கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

விலியானாவின் கைபேசி அதிரத் தொடங்கியது. நிற்கவேயில்லை. அவள் எடுத்துப் பார்த்தாள். ஷ்டுட்கார்ட்டில் லாரி ஓட்டும் ஒருவன், தனக்கு ஆறுக்கு நாலு போட்டது அப்போதே அநியாயம், இப்போதாவது ஆறு ஆக்கினார்களா என்று கேட்டிருந்தான். வர்ணாவிலிருந்து ஒருத்தி, யாரையோ பூட்டி வைத்திருக்கிறார்களாமே, போலீசைக் கூப்பிடட்டுமா என்று கேட்டிருந்தாள். இன்னொருவன், பூட்டப்பட்டவர்களுக்காக வருந்துவதாகவும் தன் மதிப்பெண்ணை மட்டும் முதலில் சொல்லும்படியும் எழுதியிருந்தான்.

தோனெவ் கோப்பை மூடினார். சாவிக்கொத்தை இஸ்க்ராவிடம் கொடுத்தார். மேலே குழு கூடியிருக்கும். இது தன்னுடையது இல்லை என்று அவர் நாலு பேருக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும். நாலு மாதமாகத் தன்னுடையது என்று சொல்லிவந்ததையும் சேர்த்து.

அவர் முதல் படியில் கால் வைத்தபோது விலியானா கேட்டாள்.

"முழுசாப் படிச்சீங்களா, சார்?"

"ரெண்டு தடவை."

"எப்படி இருந்துச்சு?"

அவர் அவளை நேராகப் பார்க்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நான் எழுதினதுன்னு நம்பற அளவுக்கு நல்லா இருந்துச்சு."

சொல்லிவிட்டு ஒவ்வொரு படியாக ஏறினார். விலியானா கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் போனாள். குழு அறையின் கதவை அவரே தட்டினார்.